விளிம்புக்கு வெளியே ஒரு மலை

என் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய நிலவரைபடத்தின் நகல் மாட்டியிருக்கிறது. செங்கடலை ஒட்டிக் குறுகலாக ஓடும் மணல்வெளி, அதன் பக்கத்திலேயே சட்டென்று எழும் மலைகள், மலைகளுக்குக் கிழக்கே போகப்போகப் பெயர்கள் குறைந்துகொண்டே வரும் வறண்ட நிலம். நாடு ஏமன். வரைந்தவர் கார்ஸ்டன் நீபூர். 1772இல் கோபன்ஹேகனில் வெளியான அவருடைய அரேபியா பற்றிய நூலில் இடம்பெற்ற படம். தரங்கம்பாடியைப் பற்றி ஆய்வு செய்ய வந்து சில மாதங்கள் இங்கே தங்கியிருந்த டென்மார்க் பெண் ஒருவர் ஊர் திரும்பும்போது இதைக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் ஊர்க் கோட்டையின் படத்தையோ பழைய தெருக்களின் படத்தையோ தருவார் என்று எதிர்பார்த்திருந்தேன். பிரித்துப் பார்த்தபோது பாலைவனம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இதுவும் உங்கள் ஊருக்கு வந்திருக்க வேண்டிய கதைதான்" என்றார்.

அந்தப் படத்தைத் தினமும் துடைப்பவர் நானல்ல. நான்கு வருடமாக என் வீட்டு வேலைக்கு வரும் அக்கா துடைக்கிறார். ஒருநாள் ஈரத்துணியோடு அதன் முன் நின்று, "இது எந்த ஊரு டீச்சர்?" என்று கேட்டார்.

"ஏமன்னு ஒரு நாடுக்கா. சவூதிக்குக் கீழ."

"அது தெரியும். அபு அரீஷ் இருக்கா இதுல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வரைபடத்தின் நீண்ட லத்தீன் தலைப்பில் ஏமனின் சிற்றரசுப் பகுதிகள் வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று அபு அரீஷ். இன்றைக்கு அது சவூதி அரேபியாவில் இருக்கிறது. படத்தின் மேற்பகுதியில் தேட வேண்டியிருந்தது. "அந்த வீட்டு ஆளுங்க மாம்பழம் வாங்க அங்க போவாங்க. ஒருதடவ என்னயும் வண்டில கூட்டிட்டுப் போனாங்க, புள்ளயப் பாத்துக்க. நான் இருந்த ஊரு அதுக்கும் மேல, மலையில" என்றார். விரலை வரைபடத்தின் மேல்விளிம்பைத் தாண்டி, சட்டத்தையும் தாண்டி, சுவரில் வைத்தார். "இங்கின."

அக்கா ஆறு வருடம் அரபு நாட்டில் வேலை பார்த்தவர் என்பது எனக்குத் தெரியும். எந்த இடம் என்று நான் கேட்டதில்லை. "அரபு நாடு" என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் மூடிவைத்திருந்தேன். அன்றைக்கு அவர் எனக்குப் படம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். ஜபல் என்றால் மலை. வாதி என்றால் ஆறு. தண்ணீர் இல்லாத ஆறு. "நம்ம ஆறு சித்திரையில கெடக்குமே, அது மாதிரி எப்பவும்." பைத் என்றால் வீடு. படத்தில் பைத் அல் ஃபகீஹ் என்று ஓர் ஊர் இருக்கிறது. இத்தனை நாள் அதை ஒரு பெயராக மட்டுமே பார்த்திருந்தேன். தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவளுக்குத் தெரியாத ஒரு மொழி, எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட அக்காவுக்குத் தெரியும். அவரிடம் அதை யாரும் ஒரு தகுதியாகக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஓர் இடத்தை அறிந்தவர் என்று நாம் யாரைச் சொல்கிறோம்? அறியாத இடத்தை வெறுமையாக விடுவது நேர்மையா, அலட்சியமா?

*

டென்மார்க் தோழி சொன்ன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்த உடன்படிக்கையால் தரங்கம்பாடி டேனிஷ்காரர்களின் துறைமுகமானது. 1706இல் சீகன்பால்குவும் புளூட்சோவும் இங்கே வந்து இறங்கினார்கள். அவர்களை உருவாக்கிய ஜெர்மானிய நகரம் ஹாலே. அதே ஹாலேயில் வளர்ந்த யோகான் டேவிட் மிக்கேலிஸ் என்ற கீழைமொழி அறிஞர் 1756இல் டேனிஷ் அரசுக்கு ஒரு யோசனை சொன்னார்: எபிரேய வேதத்தில் வரும் செடிகொடிகளையும் விலங்குகளையும் வழக்கங்களையும் சரியாகப் புரிந்துகொள்ள அரேபியாவுக்கு ஓர் ஆளை அனுப்ப வேண்டும், அவர் தரங்கம்பாடி வழியாகப் போகலாம். திட்டம் வளர்ந்தது. ஒருவர் ஆறு பேரானார். வழியும் மாறியது. 1761 ஜனவரியில் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்ட குழு கான்ஸ்டாண்டிநோபிள், எகிப்து, சினாய் என்று சுற்றி 1762 டிசம்பரில் ஏமனின் லுஹய்யா துறைமுகத்தில் இறங்கியது. தரங்கம்பாடிக்கு அவர்களில் யாரும் வரவே இல்லை.

பயணக் குழுவுக்காக மிக்கேலிஸ் தயாரித்த நூறு கேள்விகள் 1762இல் நூலாக வந்தன. அதன் தலைப்பு, அரசரின் ஆணைப்படி அரேபியா செல்லும் கற்றறிந்த ஆண்களின் குழுவிடம் கேட்கப்படும் கேள்விகள் என்று தொடங்குகிறது. "ஆண்கள்" என்ற சொல் தலைப்பிலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் வேறு எப்படி இருந்திருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். எனக்கு உறுத்துவது "கற்றறிந்த" என்ற சொல்லும்தான். குழுவில் மொழியறிஞர் ஃபான் ஹாவன், இயற்கையியலாளர் ஃபோர்ஸ்கோல், மருத்துவர் கிராமர், ஓவியர் பௌரன்ஃபைண்ட், கணிதமும் நில அளவையும் அறிந்த நீபூர் என ஐந்து பேர். ஆறாமவர் லார்ஸ் பெர்க்ரன், பணியாளர். கேள்விகள் அந்த ஐவருக்குத்தான். ஆறாமவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

1763 மே மாதம் மோக்கா துறைமுகத்தில் ஃபான் ஹாவன் இறந்தார். ஜூலையில் யாரிம் என்ற மலையூரில் ஃபோர்ஸ்கோல் இறந்தார். ஆகஸ்டு முடியும்போது பம்பாய்க்கு வரும் கப்பலில் பௌரன்ஃபைண்டும் பெர்க்ரனும் அடுத்தடுத்து இறந்தார்கள். 1764 பிப்ரவரியில் பம்பாயில் கிராமர் இறந்தார். எஞ்சியது நீபூர் ஒருவர். அரபு உடை உடுத்தி, அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, பாரசீகம் வழியாகத் தனியாகத் திரும்பி 1767 நவம்பரில் கோபன்ஹேகன் போய்ச் சேர்ந்தார். விவசாயக் குடும்பத்தில் பிறந்து பெற்றோரைச் சிறுவயதிலேயே இழந்தவர். பெரிய பட்டங்கள் ஏதுமில்லை. ஃபோர்ஸ்கோலின் தாவரக் குறிப்புகளை அவர் இறந்தபின் 1775இல் பதிப்பித்தவரும் இவர்தான்.

நீபூரை எனக்குப் பிடிக்கும். பிடிப்பதற்குக் காரணம் அவருடைய நூலின் தலைப்பு. அரேபியாவின் விவரணை என்று சொல்லிவிட்டு, சொந்தமாகக் கண்டவற்றிலிருந்தும் அந்த நாட்டுக்குள்ளேயே திரட்டிய செய்திகளிலிருந்தும் எழுதியது என்று துணைத்தலைப்புப் போட்டார். கண்டது வேறு, கேட்டது வேறு என்று அட்டையிலேயே ஒப்புக்கொள்கிறார். கேட்டதற்கும் மதிப்பு உண்டு என்றும் ஒப்புக்கொள்கிறார். கழுதை மீதும் கால்நடையாகவும் போய், திசைகாட்டியும் கோணமானியும் வைத்து, நடந்த நேரத்தைக் கணக்கிட்டுத் தூரத்தை அளந்தவர். தான் போகாத ஊரைப் பற்றி வழியில் கண்ட வணிகர்களிடமும் பயணிகளிடமும் விசாரித்தார். அந்த விசாரணையில் அவர் யாரோடெல்லாம் பேசியிருக்க முடியும் என்று யோசித்துப் பார்க்கிறேன். சந்தையிலும் காப்பிக்கடையிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் இருந்தவர்களோடு. கிணற்றடிக்குக் காலையும் மாலையும் நடந்தவர்களோடு ஓர் அந்நிய ஆண் உட்கார்ந்து பேசியிருக்க முடியாது. வறண்ட நாட்டில் கிணறு எங்கே, எந்த மாதத்தில் ஊறும், எது உப்பு, எது இனிப்பு என்று தினமும் சுமந்து அறிந்தவர்கள் தண்ணீர் எடுக்கும் பெண்கள். அந்த அறிவு வரைபடத்துக்குள் வந்திருந்தால் ஓர் ஆண் வாய் வழியாகத்தான் வந்திருக்கும்.

இது நீபூரின் குற்றமில்லை. ஆனால் குற்றவாளி இல்லாத இடத்திலும் இழப்பு இருக்கிறது. பெண்ணியம் எனக்குக் கற்றுத்தந்த முதல் பாடம் அது.

*

தமிழ் படித்தவளுக்குப் பாலை என்றதும் வேறொரு வரைபடம் நினைவுக்கு வரும். தொல்காப்பியம் நிலங்களைப் பகுக்கும்போது காடு, மலை, வயல், கடற்கரை என்று நான்கைத்தான் சொல்கிறது. பாலைக்கு நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் தம் இயல்பு திரிந்து பாலையாகின்றன என்று சிலப்பதிகாரம் விளக்கம் தருகிறது. பாலை ஒரு நிலைமை; எந்த நிலத்துக்கும் வரலாம். காவிரியின் கடைமடையில் வாழும் எங்களுக்கு இதைப் புரிந்துகொள்ள உரையாசிரியர் தேவையில்லை. ஜூன் 12இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை திறக்காத வருடங்களில் குறுவை போய்விடும். திறந்த வருடங்களிலும் எங்கள் வாய்க்கால் வரை வந்து சேர்வது நிச்சயமில்லை. 2016இல் பருவமழையும் பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டபோது, மருதமும் பாலையாவதைப் பார்த்தோம்.

பாலைவனமே இல்லாத நாட்டில், அகநானூற்றின் நானூறு பாட்டில் சரிபாதி, அதாவது இருநூறு, பாலைத்திணைப் பாட்டுகள். ஒற்றைப்படை எண் கொண்டவை எல்லாம் பாலை. இதை வகுப்பில் சொல்லும்போது மாணவிகள் ஆச்சரியப்படுவார்கள். அந்தப் பாட்டுகளில் எத்தனையோ, வீட்டில் இருக்கும் தலைவியோ தோழியோ சொல்பவை. தலைவன் பொருள் தேடிப் போயிருக்கிறான். அவன் போன வழியில் கள்ளி இருக்கும், ஓமை மரம் இருக்கும், செந்நாய் இருக்கும், வழிப்பறிக் கள்வர்கள் இருப்பார்கள் என்று அவள் வரைகிறாள். அவள் அங்கே போனதில்லை. கேள்விப்பட்டதையும் பயத்தையும் வைத்து வரைந்த படம் அது. தமிழின் பாலை வரைபடத்தில் பாதி, வீட்டைவிட்டு வெளியே போகாத பெண்ணின் குரலில் இருக்கிறது. அந்தக் குரலைப் பெரும்பாலும் எழுதியவர்கள் ஆண் புலவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உடன்போக்கு என்று ஒன்று உண்டு. அங்கே பெண்ணும் பாலையைக் கடக்கிறாள். காதலன் கையைப் பிடித்துக்கொண்டு. தனியாகக் கடந்தவள் என்று ஒருத்தி உண்டென்றால் வெள்ளிவீதியார்தான். பிரிந்துபோன கணவனைத் தேடி அலைந்தவர் என்று ஔவையார் தம் அகநானூற்றுப் பாட்டு ஒன்றில் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். ஒரு பெண் கவிஞர் இன்னொரு பெண் கவிஞரின் நடையை ஆவணப்படுத்தியிருக்கிறார். இல்லாவிட்டால் அந்த நடை நமக்குத் தெரிந்திருக்காது. வெள்ளிவீதியார் போன பாதை எது, எங்கே தங்கினார், என்ன சாப்பிட்டார் என்பதெல்லாம் வெற்றிடம்.

தொல்காப்பியத்தில் இன்னொரு விதி இருக்கிறது. கடல் கடந்து பொருள் தேடப் போகும்போது பெண்ணை உடன் அழைத்துப் போகும் வழக்கம் இல்லை என்கிற விதி. வகுப்பில் அதை நடத்தும்போதெல்லாம் எனக்கு இந்திய அரசின் இன்னொரு விதி நினைவுக்கு வரும். வளைகுடா உள்ளிட்ட நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்குக் குறைந்தது முப்பது வயது ஆகியிருக்க வேண்டும். அரசு அங்கீகரித்த முகமைகள் வழியாகத்தான் போக வேண்டும். பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட விதி. அந்தப் பாதுகாப்பின் தேவையும் உண்மை. அங்கே கடவுச்சீட்டு முதலாளியிடம் போய்விடுகிறது, வேலை மாற முடிவதில்லை, அடி வாங்கினாலும் வெளியேறினால் தப்பியோடியவள் என்ற பெயர்தான். ஆனால் விதி வந்ததால் வீட்டின் பசி நின்றுவிடவில்லை. வயதைக் கூட்டிப் போடும் முகவர் கிடைத்தார். சுற்றுலா விசாவில் வேறு நாடு வழியாக அனுப்பும் முகவர் கிடைத்தார். அப்படிப் போன பெண் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவளுக்கு ஏதாவது நடந்தால் தேடத் தொடங்கும் புள்ளியே இல்லை. அவளைக் காக்கப் போட்ட கோடு அவளைப் படத்திலிருந்து அழித்துவிட்டது.

பொருள்வயிற் பிரிவு இன்றைக்குப் பெண்ணுக்கும் உரியது. மீன்பிடித் தடைக்காலத்தில் முடங்கும் வீடும், கடைமடையில் காய்ந்த வயலும் அவளைக் கடல் கடக்க வைக்கின்றன. வீட்டில் காத்திருப்பது கணவனும் பிள்ளைகளும். அவர்கள் பாடுவதாக ஒரு பாலைப் பாட்டு இன்னும் எழுதப்படவில்லை.

*

அக்காவின் பாலை என்னுடைய பாலைபோல் இல்லை. "அரபு நாடுன்னா மணலு, ஒட்டகம்னு நெனச்சுட்டுப் போனேன். எறங்குனா குளிரு. மூடுபனி. கொரங்கு." சவூதியின் தென்மேற்கு மலைகளில் பபூன் குரங்குகள் கூட்டம் கூட்டமாக உண்டு என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அக்கா படிக்கத் தேவையில்லை. தினமும் குப்பை கொட்டப் போகும்போது அவற்றை விரட்டியிருக்கிறார்.

"அங்க எனக்குத் தெரிஞ்ச ஊருன்னா அடுப்படி ஜன்னல்ல தெரியற மலைதான் டீச்சர். காலைல பனியில மலையே இருக்காது. வெயிலு ஏற ஏற மேலேர்ந்து கீழ எறங்கி வரும். நெழலு அந்த வெடிச்ச பாறைக்கு வந்துச்சுன்னா பசங்க பள்ளிக்கொடம் விட்டு வர்ற நேரம். கடிகாரமே பாக்க மாட்டேன்."

வரைபடம் என்பது உயரத்திலிருந்து பார்க்கிற பார்வை. மலையே இல்லாத எங்கள் டெல்டாவில் நில அளவைக்காரர்கள் பட்ட பாடு ஒரு தனிக் கதை. 1808இல் வில்லியம் லாம்டன் தமது அரை டன் எடையுள்ள பெரிய கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில் ஏற்றப் பார்த்தார். கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சேதமானது. உயரம் கிடைக்காவிட்டால் கோபுரத்தைக்கூடப் பயன்படுத்தும் அளவுக்கு அந்தப் பார்வைக்கு ஒரு பசி இருந்தது. அக்கா பார்த்தது கீழேயிருந்து, ஒரே ஜன்னல் வழியாக, ஒரே மலையை, ஆறு வருடம். நீபூர் ஏமனில் இருந்தது ஒரு வருடத்துக்கும் குறைவு. ஓர் இடத்தை அறிவது என்றால் இந்த இரண்டில் எது?

இரண்டுமே என்று பதில் சொல்வது எளிது. நீபூரின் அறிவு மற்றொருவர் கைக்குப் போகும். அவர் போன வழியில் இன்னொருவர் போகலாம். அக்காவின் அறிவு அவரோடே இருக்கிறது. அதைக் கொண்டு இன்னொரு பெண் அந்த ஊருக்குப் போய்ப் பிழைக்க முடியாது; தப்பிக்கவும் முடியாது. ஆறு வருடத்தில் அந்த ஊரின் கடைத்தெரு எந்தப் பக்கம் என்று தனக்குத் தெரியாது என்றார். தெரியவிடவில்லை. அறிவு கைமாறாமல் போவது அறிவின் குணத்தால் மட்டும் நடப்பதில்லை, பூட்டிய கதவாலும் நடக்கிறது. ஜன்னல் பார்வையை அழகாக்கிப் பேசிவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கவிதை எழுதுகிறவளுக்கு அந்தச் சோதனை எப்போதும் உண்டு.

அப்படியானால் பெண்கள் கையில் வரைபடக் கருவி வந்துவிட்டால் போதுமா? வந்தும் இருக்கிறது. கெர்ட்ரூட் பெல் என்ற ஆங்கிலேயப் பெண் 1913 டிசம்பரில் டமாஸ்கஸிலிருந்து ஒட்டகங்களோடு புறப்பட்டு, அரேபியப் பாலைவனத்தின் நடுவே ஹாயில் நகரம் வரை போனார். அளவைக் கருவிகளைக் கையாள முறையாகக் கற்றிருந்தார். வழியில் கிணறுகளைக் குறித்துக்கொண்டார். 1918இல் லண்டன் புவியியல் கழகம் அவருக்குப் பதக்கம் கொடுத்தது. அவர் திரட்டிய அறிவு போரில் பிரிட்டிஷ் உளவுத்துறைக்குப் பயன்பட்டது. ஈராக்கின் எல்லைகளை வரைந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. அதே பெல், பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று 1908இல் தொடங்கிய இயக்கத்தில் முன்னின்றவர். பாலைவனத்தில் எங்கே கிணறு என்று அறிந்த பெண்ணுக்குத் தன் ஊர்ப் பெண்கள் வாக்களிக்கத் தகுதியானவர்கள் என்று தோன்றவில்லை. வெற்றிடத்தை நிரப்பும் கை பெண்ணின் கையாக இருந்தாலும், யாருக்காக நிரப்புகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

*

வெற்றிடம் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டே வருகிறேன். அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் வெற்றிடம். பிரெஞ்சு வரைபட அறிஞர் தான்வில் 1749இல் ஆப்பிரிக்காவை வரைந்தபோது, முன்னோர் கற்பனையில் நிரப்பிவைத்திருந்த ஆறுகளையும் அரசுகளையும் நீக்கி, உறுதியில்லாத இடத்தை வெள்ளையாக விட்டார். அது நேர்மை. நீபூர் கண்டதையும் கேட்டதையும் பிரித்துச் சொன்னதும் அதே வகை.

இரண்டு, அங்கே எதுவும் இல்லை என்று படிக்கப்படும் வெற்றிடம். தான்வில்லின் நேர்மையான வெள்ளையே அடுத்த நூற்றாண்டில் ஆளில்லாத நிலமாக வாசிக்கப்பட்டது. 1884இல் பெர்லினில் கூடிய ஐரோப்பிய அரசுகளுக்கு அந்த வாசிப்பு வசதியாக இருந்தது. வரைந்தவர் "எனக்குத் தெரியாது" என்று எழுதியதைப் படித்தவர் "யாரும் இல்லை" என்று படித்தார். நம் ஊரில் இதற்கு ஆப்பிரிக்கா வரை போக வேண்டாம். நாற்று நட்டு, களை எடுத்து, அறுத்து, தூற்றிய பெண்ணின் பெயர் பட்டாவில் இல்லை. அதனால் அவள் விவசாயி இல்லை. வறட்சியில் கணவன் கடனோடு செத்துப்போனபோது, அலுவலக வாசலில் அவள் நின்றது விவசாயியின் மனைவியாக. புலப்படத்தில் வயல் இருக்கிறது, வரப்பு இருக்கிறது, சர்வே எண் இருக்கிறது. அவள் இல்லை. 2004 சுனாமிக்குப் பின் தமிழக அரசு கட்டிக்கொடுத்த வீடுகளைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவதென்று முடிவெடுத்தது எங்கள் கரையில் சிறிய விஷயமில்லை. முதல்முறையாகத் தன் பெயரை ஓர் ஆவணத்தில் பார்த்த பெண்களை எனக்குத் தெரியும். இந்த இரண்டாவது வெற்றிடத்தை நிரப்பத்தான் வேண்டும். அதற்குத்தான் நாம் எழுதுகிறோம், போராடுகிறோம், மனு கொடுக்கிறோம்.

இந்த இரண்டோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது அக்காவிடம் கேட்டேன். "நீங்க இருந்த ஊரை இந்தப் படத்துல பென்சிலால ஒரு புள்ளி வெச்சுக் குறிக்கட்டுமாக்கா? சட்டத்தக் கழட்டி, மேல ஒரு வெள்ளத்தாள் ஒட்டினாப் போதும். ஊர் பேரைச் சொல்லுங்க." நல்ல காரியம் செய்கிறோம் என்ற நிறைவு எனக்குள் இருந்தது. இருநூற்றைம்பது வருட வரைபடத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணின் இடம். கட்டுரையின் கடைசி வரிகூட மனத்தில் தயாராகிவிட்டது.

அக்கா துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். "வேணாம் டீச்சர்."

"ஏங்க்கா?"

"வேணாம். அந்த ஊரு இந்த வீட்டுச் சொவத்துல இருக்க வேணாம். நான் தெனம் தொடைக்கணும்ல."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். "மல, கொரங்கு, பனி. அத எழுதிக்குங்க. மாம்பழத்த எழுதிக்குங்க. மத்தது என்னோட போவட்டும். எம்பொண்ணுக்கே தெரியாது."

மூன்றாவதாக ஒரு வெற்றிடம் உண்டு. இருப்பவள், தெரிந்தே, தன் கையால் மூடிவைப்பது. அது அறியாமையும் இல்லை, அலட்சியமும் இல்லை. அந்த இடத்தின் உரிமை அவளுடையது. ஆறு வருடம் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்க முடியாத பெண்ணுக்கு, அந்த ஆறு வருடத்தின் விவரத்தைக் கையில் வைத்திருக்க முடிகிறது. அதையும் நான் வாங்கிக்கொள்ளப் பார்த்தேன்.

எனக்கு வலித்தது. மறுப்பால் வலித்தது என்றால் பொய். மிக்கேலிஸின் நூறு கேள்விகளை நான் கேலி செய்தவள். கேள்விகளோடு அனுப்பப்பட்ட கற்றறிந்தவர்களைக் கேலி செய்தவள். என் கையிலும் ஒரு கேள்விப்பட்டியல் இருந்தது. பெண்ணியம் என்ற நல்ல பெயர் அதற்கு இருந்தது. பணியாளரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்று பெர்க்ரனுக்காக வருந்தியவள், என் வீட்டுப் பணியாளரிடம் கேட்ட முதல் கேள்வியே எனக்கு வேண்டிய கேள்வியாக இருந்தது. மாதச் சம்பளம் கொடுக்கிற கை கேட்கும்போது, மறுப்பது எவ்வளவு கடினம் என்பதையும் நான் யோசிக்கவில்லை. அக்கா மறுத்தார் என்பது அவருடைய துணிவு. என் வீட்டில் மறுக்க முடிகிறது என்று அதை என் பெருமையாக எடுத்துக்கொள்ள வழியில்லை.

பேசாதிருப்பதைப் பேசவைப்பதே விடுதலை என்று நாம் நெடுங்காலமாக நம்பி வந்திருக்கிறோம். பெண்ணின் மௌனம் பெரும்பாலும் திணிக்கப்பட்டதுதான். அந்த நம்பிக்கைக்கு அடிப்படை உண்டு. ஆனால் எல்லா மௌனத்தையும் ஒரே பூட்டாக நினைத்துச் சாவியோடு போகிறவர், திருடனுக்கும் தனக்கும் என்ன வேறுபாடு என்று ஒரு தடவையாவது கேட்டுக்கொள்ள வேண்டும். எந்த வெற்றிடம் எந்த வகை என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. மூன்றும் ஒரே வெள்ளைதான். உள்ளே இருப்பவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டால், வேண்டாம் என்ற பதிலும் வரலாம் என்ற தயாரிப்போடு கேட்க வேண்டும். பட்டாவில் பெயர் வேண்டுமா என்று கேட்டால் அக்கா உடனே ஆமாம் என்பார். அதற்கான மனு எழுதித் தரத்தான் என் தமிழ். சுவரில் புள்ளி வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். இரண்டு பதிலும் ஒரே ஆளுடையவை, ஒரே உரிமையிலிருந்து வருபவை.

ஆகவே அந்த ஊரின் பெயர் இந்தக் கட்டுரையில் இல்லை. எனக்கும் அது தெரியாது. எழுதியதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னார். குரங்கைத் தான் விரட்டியதில்லையாம். குப்பையைக் கொட்டிவிட்டு, அவை வந்து கிளறி முடிக்கும்வரை அங்கேயே நின்று பார்ப்பாராம். வெளியே நிற்பதற்கு அது ஒரு சாக்கு. மேலே "விரட்டியிருக்கிறார்" என்று எழுதியதை மாற்றட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும், இதயும் சேத்து எழுதிடுங்க" என்றார்.

படம் இன்னும் அதே சுவரில் இருக்கிறது. சட்டத்துக்கு மேலே, அக்கா விரல் வைத்த இடத்தில், சுண்ணாம்பு மட்டும்தான் இருக்கிறது. வியாழக்கிழமைகளில் இப்போது நான் துடைக்கிறேன். அக்காவுக்கு அன்றைக்கு விடுமுறை.